பனையேறி ஏன் விழவில்லை? கதைவிளையாட்டுக்குத் திறன் விதி எழுதப் புறப்படுபவர்களுக்கு

தக்கலைப் பக்கம் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறு சாயங்காலங்களில் ஐந்தாறு பேர் கூடி, ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதைவிளையாட்டு ஆடுகிறோம். ஒரு மழைநாளில், கதையில் வரும் பனையேறி ஒருவன், கொள்ளையர்கள் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று பார்க்கப் பனையில் ஏறினான். அவனாக ஆடிய தம்பி 20 முகப் பகடையை உருட்டினான். 1 விழுந்தது. நான் எழுதி வைத்திருந்த விதிப்படி, 1 என்றால் யாராக இருந்தாலும் தோல்வி. "பாதி மரத்தில் கை நழுவிக் கீழே விழுகிறாய்" என்றேன்.

தம்பியைக் கூட்டிப்போக வந்து மாடிப்படியில் உட்கார்ந்திருந்த அவனுடைய தாத்தாவும் பழைய பனையேறிதான். "எதுக்கு விழுந்தான்? மரம் ஈரமா? தளைநார் அறுந்துதா?" என்று கேட்டார். பனை ஏறும்போது காலில் மாட்டிக்கொள்ளும் நார் வளையம்தான் தளைநார். நான் பகடையைக் காட்டி, இருபதில் ஒரு தடவை இப்படி வரும் தாத்தா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "நான் காலையில முப்பது பனை ஏறுவேன். சாயங்காலம் மறுபடி அதே முப்பது. இருபதுக்கு ஒண்ணு விழணும்னா மத்தியானக் கஞ்சிக்கு வீடு வந்திருக்க மாட்டேன் மக்கா."

அன்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு ஏற்றத்திலும் 5 சதவீதம் விழும் வாய்ப்பு என்றால், காலையில் முப்பது மரமும் விழாமல் ஏறி முடிக்க 21 சதவீத வாய்ப்புதான் இருக்கிறது. சாயங்காலத்தையும் சேர்த்தால் 5 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். என் விதி சொன்ன உலகத்தில் அக்கானி (பதநீர்) இறக்க ஆளே இருக்க முடியாது. திறன் விதியைப் பற்றி நான் கற்றுக்கொண்டதெல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியதுதான். புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்களுக்கு அதையே முதலிலிருந்து சொல்கிறேன்.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்கு இரண்டு வரி. ஒருவர் உலகத்தைச் சொல்வார். அவரை கேம் மாஸ்டர் என்கிறோம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, "நான் இதைச் செய்கிறேன்" என்பார்கள். செய்தது பலித்ததா என்பது தெரியாத இடத்தில் பகடை உருளும். பாத்திரத்தின் தாளில் 'ஏறுதல் 4', 'மருந்தறிதல் 2' என்று எழுதியிருக்கும். அந்த எழுத்துக்கு மேசையில் என்ன பொருள் என்று சொல்வதுதான் திறன் விதி. எதைப் பகடையிடம் கேட்பது, எதை ஆடுபவரின் பேச்சுக்கு விடுவது, எதை "இவன் பனையேறி, ஏறுவான்" என்று கேட்காமலே கொடுத்துவிடுவது? இந்த மூன்றையும் பிரித்துச் சொன்னால் அது நல்ல விதி. நான் எல்லாவற்றையும் பகடையிடமே கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த வகை விளையாட்டு பிறந்தபோது திறன் பட்டியல் என்று ஒன்றே கிடையாது. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதிய டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் வெளிவந்தது. அதில் வீரன், மந்திரவாதி, பூசாரி என மூன்றே வகை ஆட்கள். தரையில் பொறி இருக்கிறதா என்று தெரிய வேண்டுமா? "நீளக் கம்பால் தட்டிக்கொண்டே நடக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். கேம் மாஸ்டர் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். மறு வருடம், 1975இல், கிரேஹாக் என்ற இணைப்பு நூல் வந்தது. அதோடு திருடன் என்ற வகையும் வந்தது. பூட்டுத் திறப்பது, சத்தமில்லாமல் நடப்பது போன்ற வேலைகளுக்குத் திருடனுக்கு மட்டும் சதவீதக் கணக்கு கொடுத்தார்கள்.

அங்கே ஒரு சிக்கல் முளைத்தது. அதுவரை வீரனும் காலணியைக் கழற்றிவிட்டுப் பதுங்கி நடப்பேன் என்று சொல்லலாம். இப்போது அது திருடனின் தாளில் ஒரு வரி. அப்படியானால் மற்றவர்களால் முடியாதா? ஒருவருக்காக எழுதும் திறன், அதுவரை எல்லோர் கையிலும் இருந்ததைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுகிறது. 1977இல் வந்த டிராவலரும் 1978இல் வந்த ரூன்குவெஸ்டும் வேறு வழியில் போயின. அங்கே திறன் எல்லோருக்கும் உண்டு, அளவில்தான் வித்தியாசம்.

இந்தச் சிக்கலை நானும் என் மேசையில் உண்டாக்கினேன். குளச்சல்காரத் தம்பி ஒருவன் எங்களோடு ஆடுகிறான். கதையில் மீன் ஏலம், துணிக்கடை, படகு வாடகை எது வந்தாலும் அவன் பேரம் பேசுவதைக் கேட்க மற்றவர்கள் ஆட்டத்தையே நிறுத்திவிடுவார்கள். அதைப் பார்த்து மகிழ்ந்து, 'பேரம்' என்று ஒரு திறனைப் பட்டியலில் சேர்த்தேன். அடுத்த வாரம் சந்தைக் காட்சி வந்தது. அவன் தன் தாளைப் பார்த்தான். "எனக்கு அந்தத் திறன் இல்லண்ணா" என்று சும்மா இருந்துவிட்டான். அன்றைக்கே அந்த வரியை அடித்தேன். எதை ஆடுபவர்கள் வாயாலேயே நன்றாகச் செய்கிறார்களோ, அதற்குத் திறன் எழுதும் முன் இரண்டு தடவை யோசியுங்கள். கூச்சப்படும் பிள்ளைகள் அதிகம் உள்ள மேசை என்றால் கணக்கு வேறு. வாய் வராத பிள்ளைக்கும் நயமாகப் பேசும் பாத்திரம் ஆட ஆசை இருக்கும். அங்கே அந்தத் திறன் வேண்டும்.

சரி, பட்டியலில் என்னென்ன இருக்க வேண்டும்? இதில்தான் புதியவர்கள் அதிக நேரம் செலவிடுகிறார்கள், செலவிடவும் வேண்டும். ஏனென்றால் அந்த உலகத்தில் எது முக்கியம் என்று ஆடுபவர் முதலில் அறிவது பட்டியலைப் பார்த்துத்தான். டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் 18 திறன்கள் உண்டு. பேச்சால் ஆளை வளைப்பதற்கு மட்டும் ஏமாற்று, மிரட்டல், இணங்கவைத்தல் என்று மூன்று. கடலுக்கென்று தனியாக ஒன்றுகூட இல்லை. அது அந்த உலகத்தின் கண். மலை முடிகிற இடத்தில் கடல் தொடங்கும் குமரி மாவட்டத்தில் உட்கார்ந்து எழுதும் நமக்கு அந்தக் கண் போதாது.

எங்கள் விளையாட்டின் ராஜ்யம் மலைக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிறது. முதல் பட்டியலில் கடலுக்கு மட்டும் ஐந்து திறன் எழுதினேன்: நீச்சல், துடுப்பு, காற்றறிதல், பாரறிதல், வலை. எல்லாம் உண்மையான திறன்கள்தான். கச்சான் காற்று எப்போது வலுக்கும் என்று தெரிவது ஒரு அறிவு. பார் என்று சொல்லும், கடலுக்குள் மூழ்கிக் கிடக்கும் பாறைத் திட்டை, கரையில் தெரியும் தேவாலயக் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் இருக்கும் மலைமுகட்டையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து, வேறு பக்கம் இன்னொரு ஜோடி அடையாளத்தையும் அதேபோலச் சேர்த்து, இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் கண்டுபிடிப்பது இன்னொரு அறிவு. எதையும் விட மனமில்லை. ஆனால் ஆட்டத்தில் என்ன ஆயிற்று? ஆளுக்குப் பத்துப் புள்ளி கொடுத்திருந்தேன். வீரன் 'வாள்' என்ற ஒரே வரியில் நான்கு புள்ளி போட்டு ஊரிலேயே பெரிய ஆளானான். மீனவன் அதே பத்துப் புள்ளியை ஐந்து வரிக்கும் இரண்டிரண்டாகப் பங்கு வைத்து, தன் சொந்தக் கடலிலேயே அரைகுறையாக நின்றான். அவனை ஆடிய அக்கா கடற்கரைக்காரர். "எங்க ஆளுவளுக்குக் கடல் அஞ்சு துண்டா இருக்காது தம்பி, ஒண்ணாத்தான் இருக்கும்" என்றார்.

ஐந்தையும் சேர்த்துக் 'கடலறிவு' என்று ஒன்றாக்கினேன். இதிலிருந்து ஒரு அளவுகோல் கிடைக்கிறது. ஒரு புள்ளி எந்த வரியில் போட்டாலும், கதையில் ஏறக்குறைய அதே அளவுக்குப் பயன்பட வேண்டும். எதைத் துண்டாக்குகிறீர்களோ அதன் விலையை ஏற்றுகிறீர்கள். ஆனால் கதை முழுக்கக் கடலிலேயே நடக்கும் என்றால் நிலைமை தலைகீழ். அப்போது ஐந்து கடல் திறனும் வேண்டும், ஒவ்வொரு பாத்திரமும் ஒன்றில் தேர்ந்தவராக இருக்கலாம். வாள், வேல், கம்பு எல்லாவற்றையும் 'சண்டை' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடலாம். கதை எங்கே நின்று உற்றுப் பார்க்கிறதோ அங்கே பிரியுங்கள், மற்ற இடத்தில் சேருங்கள்.

இனி வர்மம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இந்த மாவட்டத்தில் வர்ம ஆசான்களின் மரபு இன்றும் இருக்கிறது. வர்மப் புள்ளிகளை 108 என்றும், அவற்றில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்றும் எண்ணுவார்கள். முதல் வரைவில் சண்டைப் பகுதியில் 'வர்ம அடி' என்று ஒன்றும், மருத்துவப் பகுதியில் 'வைத்தியம்' என்று ஒன்றும் எழுதினேன். வெளியூர் விளையாட்டுகளில் அடிப்பவன் ஒருவன், ஆற்றுபவன் ஒருவன். அந்தப் பழக்கத்தில் கை தானாக எழுதியது. ஆனால் வர்மத்தில் இரண்டும் ஒரே அறிவு. எங்கே தட்டினால் ஆள் விழுவான் என்று கற்பவன், விழுந்தவனை எழுப்பும் இளக்குமுறையையும் கற்றாக வேண்டும். ஆகவே 'வர்மம்' என்று ஒரே வரி, ஒரே எண். அடிக்கவும் அதே எண்தான், ஆற்றவும் அதேதான்.

ஒரு வரி இரண்டு வேலை செய்தால் அது மலிவாகிவிடும், எல்லோரும் அதையே வாங்குவார்கள். இதைத் தடுக்க விலையை இரட்டிப்பாக்கலாம். நான் அப்படிச் செய்யவில்லை. ஆசான் நம்பிக்கை வைத்த பிறகுதான் மேலே சொல்லிக் கொடுப்பார் என்பது அந்த மரபிலேயே இருக்கிறதே, அதையே விதியாக்கினேன்: வர்மம் புள்ளி கொடுத்து வளராது. கதையில் ஆசானிடம் போக வேண்டும், அவர் சம்மதிக்க வேண்டும். ஒருவனை அடித்து வீழ்த்திவிட்டு எழுப்பாமல் வந்தால் அவர் அடுத்த படியைச் சொல்லித்தர மாட்டார். எங்கள் மேசையில் நடந்த மிக நல்ல காட்சி ஒன்று இந்த விதியால்தான் கிடைத்தது. தப்பி ஓட வேண்டிய நேரத்தில் ஒரு பெண்பிள்ளை திரும்பி வந்து, தான் வீழ்த்திய காவலனின் பக்கத்தில் உட்கார்ந்து அவனை எழுப்பினாள்.

திறன் வளரும் விதத்தைப் பற்றி இன்னும் ஒன்று. ரூன்குவெஸ்டில் ஒரு அழகான ஏற்பாடு உண்டு. ஒரு திறனை வெற்றியாகப் பயன்படுத்தினால் அதன் பக்கத்தில் ஒரு அடையாளம் போடுவார்கள். சாகசம் முடிந்ததும் 100 வரை எண் தரும் பகடையை உருட்டுவார்கள். இப்போதுள்ள சதவீதத்தைவிட அதிகமாக விழுந்தால்தான் திறன் ஏறும். புதியவன் சீக்கிரம் ஏறுவான், தேர்ந்தவன் மெல்ல ஏறுவான். பனையேறுவதும் கடலும் இப்படிச் செய்து செய்து வருவதுதான். எங்கள் விளையாட்டில் வர்மம் ஒன்றுக்கு மட்டும் ஆசான், மற்றதெல்லாம் இந்த முறை. ஒவ்வொரு திறனுக்கும் ஒரு தனிச் சட்டம் எழுதினால் யாருக்கும் நினைவில் நிற்காது.

எண்களுக்கு வருவோம். பயப்பட ஒன்றும் இல்லை, எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

20 முகப் பகடையில் ஒவ்வொரு முகமும் 5 சதவீதம். பகடையில் விழுந்ததோடு திறனின் எண்ணைக் கூட்டி, 15 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் தெரியாதவனுக்கு 15 முதல் 20 வரை ஆறு முகம், 30 சதவீதம். 7 கூட்டிக்கொள்ளும் தேர்ந்தவனுக்கு 8 முதல் மேலே பதின்மூன்று முகம், 65 சதவீதம். அதாவது ஊரிலேயே கெட்டிக்காரன் மூன்றில் ஒரு தடவை கோட்டைவிடுவான். இருவரும் ஒரே வேலையைச் செய்தால், தெரிந்தவன் தோற்றுத் தெரியாதவன் ஜெயிப்பது பத்து தடவைக்கு ஒன்றுக்கும் கொஞ்சம் மேல். கலகலப்பான சாகசக் கதைக்கு இது பொருந்தும். தொழில் தெரிந்தவர்களின் கதைக்குக் கசக்கும்.

ஆறு முகப் பகடை இரண்டை உருட்டிக் கூட்டினால் நடப்பது வேறு. மொத்தம் 36 சேர்க்கை. 7 வர ஆறு வழி, 2 வரவோ 12 வரவோ ஒவ்வொரு வழிதான். எண்கள் நடுவிலேயே குவியும். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி என்றால் தெரியாதவனுக்கு 42 சதவீதம். 1 கூட்டினால் 58, 2 கூட்டினால் 72, 3 கூட்டினால் 83, 4 கூட்டினால் 92. முதல் படி 36 சேர்க்கையில் ஆறைக் கூட்டித் தருகிறது, நான்காம் படி மூன்றைத்தான் தருகிறது. கற்றுக்கொள்ளத் தொடங்கும்போது ஏற்றம் பெரிதாக இருப்பதும், தேர்ந்தபின் ஏற்றம் சிறிதாவதும் கைத்தொழில் தெரிந்த யாருக்கும் புரியும். நான் இந்த இரண்டு பகடைக்கு மாறிவிட்டேன். தாயக்கட்டை உருட்டிப் பழகிய வீடுகளில் இரண்டைச் சேர்த்து எண்ணுவது கைக்கும் இயல்பாக வருகிறது.

ஆனால் பகடையை மாற்றியதால் மட்டும் தாத்தாவின் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. 92 சதவீதம் என்றாலும் முப்பது மரத்தில் இரண்டு மூன்று தடவை விழத்தான் வேண்டும். பதில் வேறிடத்தில் இருக்கிறது. டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸின் 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு விதி உண்டு: ஆபத்தும் இடைஞ்சலும் இல்லாத நேரத்தில் பகடையை உருட்டாமல், 10 விழுந்ததாக வைத்துக்கொள்ளலாம். தினசரி வேலை தினசரி வேலையாக நடக்கட்டும் என்பதுதான் அதன் பொருள். அதை நான் இன்னும் கொஞ்சம் நீட்டி இப்படி எழுதினேன்: "தன் தொழிலை, தன் கருவியோடு, அவசரமில்லாமல் செய்பவர் பகடை உருட்ட வேண்டியதில்லை. செய்துவிட்டார். மூன்றில் ஒன்று குறைந்தால் உருட்ட வேண்டும்." தொழில், கருவி, நேரம். மழைபிடித்த மரம் காயக் காத்திருக்க முடியாதது நேரம், அறுந்த தளைநார் கருவி என்று தாத்தா கேட்ட கேள்விகளும், பின்னால் துரத்தும் ஆட்களும் இந்த மூன்றுக்குள் வந்துவிடுகின்றன.

தோல்வியைப் பற்றிச் சொல்லாமல் திறன் விதி முழுமையாகாது. ஒருமுறை பழைய அரண்மனை ஒன்றின் மச்சில் ஓலைச்சுவடியை ஒளித்துவைத்திருந்தேன். தேடுபவர் பகடையில் தோற்றார். சுவடி கிடைக்கவில்லை. சுவடி இல்லாமல் கதை நகராது. முக்கால் மணி நேரம் பிள்ளைகள் அறை அறையாகச் சுற்றினார்கள், கடைசியில் நானே அதைத் தூக்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று. "ஒன்றும் நடக்கவில்லை" என்பது தோல்வியின் விளைவாக இருக்கவே கூடாது. இப்போதெல்லாம் சுவடி கிடைத்துவிடும். கிடைப்பதற்குள் விளக்கோடு காவலன் படியேறி வந்தானா என்பதைத்தான் பகடையிடம் கேட்கிறேன்.

2010இல் வெளிவந்த அபோகலிப்ஸ் வேர்ல்டு இதைச் செம்மையாகச் செய்தது. இரண்டு பகடையில் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் நினைத்தது நடக்கும். 7 முதல் 9 என்றால் நடக்கும், ஆனால் ஒரு விலை உண்டு. 6 அல்லது அதற்குக் கீழே வந்தால் கேம் மாஸ்டர் கை ஓங்கும். ஒன்றும் கூட்டாதவனுக்கு முழு வெற்றி 17 சதவீதம், நடு விளைவு 42, கீழ் விளைவு 42. 2 கூட்டுகிறவனுக்கு முழு வெற்றி 42, நடு 42, கீழ் 17. நடு விளைவு இருவருக்கும் ஒரே அளவில் இருப்பதைப் பாருங்கள். கதை பெரும்பாலும் அங்கிருந்துதான் பிறக்கிறது. ஏறிவிட்டாய், ஆனால் அரிவாள் கீழே விழுந்துவிட்டது. மருந்து கிடைத்தது, ஆனால் அதைப் பறித்ததை மலைக்காவலர் பார்த்துவிட்டார்.

இன்னும் ஒரு இடத்தில் புதியவர்கள் வழுக்குவார்கள். ஐந்து பேர் கோட்டைச் சுவரோரம் பதுங்கிப் போகிறார்கள். ஆளுக்கு 80 சதவீத வாய்ப்பு. நல்ல வாய்ப்புதானே என்று எல்லோரையும் உருட்டச் சொல்வோம். ஐந்து பேரும் ஜெயிக்க வேண்டுமென்றால் மொத்த வாய்ப்பு 33 சதவீதம்தான். யாரோ ஒருவர் மாட்டுவார், எல்லோரும் மாட்டுவார்கள். பாதிப் பேராவது ஜெயித்தால் போதும் என்று 2014 பதிப்பு வைத்திருக்கிறது. அப்படிப் பார்த்தால் இந்த ஐந்து பேருக்கு 94 சதவீதம். நல்ல பதுங்கல்காரன் முன்னால் நடந்து மற்றவர்களுக்குக் கால் வைக்கும் இடத்தைக் காட்டுகிறான் என்று கதையிலும் அது பொருந்துகிறது.

முதல் விளையாட்டை எழுதப்போகிறவர்கள் எட்டுத் திறனோடு நிறுத்துங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அடுத்த ஆட்டத்தில் அது எந்தக் காட்சியில் வரும் என்று ஒரு வரி எழுதுங்கள். வரி எழுத முடியாத திறனை எடுத்துவிடுங்கள். எனக்கு அப்படி 'மூலிகையறிதல்' போக இருந்தது. மூலிகைக்குப் பேர்போன எங்கள் மாவட்டத்து மருந்துவாழ்மலை மாதிரி ஒரு மலையை ராஜ்யத்தின் வடக்கே வரைந்த பிறகுதான் அதற்கு வாழ்வு வந்தது. திறனுக்காக உலகத்தில் ஒரு மலை முளைப்பது தவறில்லை. பிறகு ஆடிப் பாருங்கள், ஆடும்போது ஒவ்வொரு திறனும் எத்தனை தடவை வந்தது என்று ஓரத்தில் கோடு போட்டு வாருங்கள். மூன்று ஆட்டத்துக்குப் பிறகு அந்தக் கோடுகள் சொல்வதைக் கேளுங்கள்.

புது விதியோடு நாங்கள் ஆடிய முதல் ஞாயிறும் மழைதான். அதே பனையேறி, அதே கொள்ளையர். கதைக்குள் காலையில் பனையில் ஏறிப் பார்த்தான், நான் பகடையைத் தொடவில்லை. ராத்திரி, கட்டிப்போட்டிருந்த இடத்திலிருந்து தப்பி, மறுபடி ஒரு பனையின் அடியில் வந்து நின்றான். "ஏறுறேன்" என்றான் தம்பி. படியில் உட்கார்ந்திருந்த தாத்தா எட்டிப் பார்த்தார்.

"தளைநார் இருக்கா?"

"இல்ல தாத்தா. அவனுவ எடுத்துட்டுப் போயிட்டானுவ."

"மரம்?"

"நனஞ்சு கெடக்கு."

தாத்தா நாலைந்து நொடி அந்த மரத்தையே பார்ப்பதுபோல இருந்தார்.

"அப்பம் உருட்டு" என்றார்.